ஒரு கூரை, இரண்டு வயிறு

ஆகஸ்ட் 12, 1984
தீவிலிருந்து

அடி பைஹே,

நீ கடிதம் போட்டு மூன்று மாதமாகிறது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டதும் அவருடைய சோம்பேறித்தனம் உனக்கும் ஒட்டிக்கொண்டதா? கல்லூரி விடுதியில் நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பாய். இப்போது தைனானில் என் அறையில், என் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு வரி எழுத முடியவில்லை.

இங்கே வேர்க்கடலை பிடுங்கும் காலம். செடியோடு பிடுங்கி வந்து முற்றத்தில் மலைபோலக் குவித்திருக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலியில் உட்கார்ந்து கடலையை ஆய வேண்டும். முழங்கால் வயிற்றை முட்டுகிறது, வயிறு நெஞ்சை முட்டுகிறது, தின்றதெல்லாம் தொண்டைக்கு வந்து எரிகிறது. கொஞ்சம் உயரமான நாற்காலி கிடைக்குமா என்று கேட்டேன். மாமியார் நிமிரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்: "பட்டணத்துப் பொண்ணுக்குச் சிம்மாசனம் வேணுமாம். நான் இவ புருஷனை உண்டாயிருக்கும்போது பாறையில நின்னு சிப்பி கொத்தினேன். குனிஞ்சு நிமிந்தாத்தான் பிள்ளை வழுக்கிக்கிட்டு வரும்."

கெட்டவர் இல்லை. மீனின் கன்னச் சதையை என் கிண்ணத்தில்தான் வைக்கிறார். நண்டை மட்டும் தொட விடமாட்டார்; பிள்ளைக்குப் பிடுங்குகிற கை வந்துவிடுமாம். ஆனால் என் அறைக்கு மேற்குச் சுவர். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நான் படுத்தபிறகு அந்தச் சுவர் மூச்சு விடும். எந்தப் பக்கம் படுத்தாலும் இடுப்பு வலி. சாயங்காலத்துக்குள் என் செருப்பில் கால் நுழைவதில்லை, என் புருஷன் குவோலியாங்கின் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். அவர் கப்பலிலிருந்து கடைசியாக அனுப்பிய அட்டையில் ஓர் ஆப்பிரிக்க யானை. என்னைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில் எனக்கு நாள். செப்டம்பர் முடிவதற்குள் வடகாற்று கிளம்பிவிடும். கிளம்பினால் படகு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே டாக்டர் கிடையாது. சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் மட்டும். அதற்கு முன்னால் நான் அம்மாவிடம் வந்துவிடுகிறேன். தொலைபேசியில் கேட்கலாம் என்றால், தீவின் ஒரே தொலைபேசி மளிகைக் கடையில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் ஊரே கடலை ஆய்ந்தபடி கேட்கும். ஆகவே நீ சொல். எனக்கு ஜன்னலோரக் கட்டில், மின்விசிறி, காலையில் பால்கெண்டை மீன் கஞ்சி. வேறு ஒன்றும் வேண்டாம். நீயும் அண்ணனும் கொஞ்ச நாள் கூடத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

ஜின்யூன்


ஆகஸ்ட் 21
தைனான்

ஜின்யூனுக்கு,

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். உடம்பைப் பற்றி எழுதியிருந்ததால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மல்லாந்து படுக்காதே. இடப்பக்கம் ஒருக்களித்துப் படு, முழங்கால்களுக்கு நடுவே போர்வையைச் சுருட்டி வைத்துக்கொள். இடுப்புக்கு நன்றாக இருக்கும். மாமியார் நாற்காலி தராவிட்டால் நிரம்பிய கடலை மூட்டையின் மேல் உட்கார். உயரமும் கிடைக்கும், அவருக்கும் சிம்மாசனம் என்று தோன்றாது. வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் அடங்கும். கால் வீங்குகிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடாதே. இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே, உடம்பில் ஒட்டாது.

நீ வருவதைப் பற்றி. அது முடியாது.

இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம், மூன்று மாதம் முடியுமுன் வெளியே சொல்லக் கூடாது என்பது. போன வாரம் முடிந்தது. நானும் உண்டாயிருக்கிறேன். பிப்ரவரியில் நாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு கர்ப்பிணிகள் இருக்கக் கூடாது, ஒரு மங்கலம் இன்னொரு மங்கலத்தோடு மோதும், இரண்டில் ஒன்று தோற்கும் என்கிறார் அத்தை. உனக்குத் தெரியாதது இல்லை.

பக்கத்துப் பெரிய தீவில், மாகோங் நகரத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே உன் கணவரின் உறவினர் யாராவது இருந்தால் முன்னதாகவே போய்த் தங்கிக்கொள். இதனுடன் ஒரு பஞ்சுத் தலையணை அனுப்புகிறேன்.

பைஹே


ஆகஸ்ட் 29
தீவு

மதிப்பிற்குரிய அண்ணியார் அவர்களுக்கு,

தலையணை கிடைத்தது. மெத்தென்று இருக்கிறது. அதைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு படுத்து யோசித்தேன். பிறந்த வீட்டில் இடம் கேட்டேன். ஒரு தலையணை வந்திருக்கிறது.

தவளையை அறுத்து, அதன் இதயம் தட்டில் துடிப்பதை எனக்குக் காட்டியவள் நீ. தீட்டு நாளில் கோயில் பக்கம் போகாதே என்று விடுதிக் காவலம்மா சொன்னபோது, அவரை உட்காரவைத்துக் கருப்பையை வரைந்து காட்டியவளும் நீதான். இப்போது பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. உனக்கு மங்கலம் மோதுகிறதா? அதென்ன, முட்டுச்சந்தில் வருகிற இரண்டு மாட்டுவண்டியா? எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம்? எழுது, நானும் படித்துக்கொள்கிறேன்.

அம்மா சொன்னால் எனக்குப் புரியும். அம்மா ஆணி அடிப்பதற்கே பஞ்சாங்கம் பார்ப்பவர். நீ சொல்கிறாய் பார், அதுதான். ‘அத்தை என்கிறார்’ என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிறாய்.

உன்னை அந்த வீட்டுக்குள் அழைத்துப் போனதே நான். வருஷப்பிறப்புக்கு ஊருக்குப் போக ரயிலில் இடமில்லை என்று விடுதி வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாய். வா என்றேன். அம்மா இனிப்புக் கொழுக்கட்டை செய்து போட்டார், அண்ணன் உன் பையைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டினார். இன்று அதே வாசலில் நின்றுகொண்டு எனக்கு வழியில்லை என்கிறாய்.

மாகோங்கில் உறவினர் இருந்தால் போகச் சொன்னாய். இருக்கிறார், குவோலியாங்கின் சித்தப்பா. மலைச்சரிவில், கல்லறையில்.

இதை எழுதும்போதே தலை வலிக்கிறது. கோபத்தில் வலிக்கிறது என்று நினைத்தேன். ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே வலிக்கிறது, வெயிலாக இருக்கும். கல்யாண மோதிரத்தைக் கழற்றி உனக்கே அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். கடையில் தேர்ந்தெடுத்தது நீதானே. சோப்புப் போட்டும் கழலவில்லை. தப்பித்தாய்.

பிள்ளைக்கு என் வாழ்த்து. மனதாரச் சொல்கிறேன் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

ஜின்யூன்


செப்டம்பர் 6
தைனான்

ஜின்யூன்,

எந்தப் புத்தகத்தில் என்று கேட்டாய். சொல்கிறேன்.

போன நவம்பரில் உன் கல்யாணம். காலையில் உனக்குத் தலை வாரிப் பூ வைத்தது நான். உன் சிவப்பு விரிப்பை உதறி மடித்தது நான். உன் சித்திக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று உன் துணிப்பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதும் நான்தான். நீ காரில் ஏறியதும் பழைய குணமெல்லாம் இங்கேயே போகட்டும் என்று விசிறியை ஜன்னல் வழியே எறிந்தாயே, அதை ஓடிப்போய் எடுத்து வந்ததும் நான்.

அன்றைக்கு எனக்கு இரண்டு மாதம்.

உண்டானவள் மணப்பெண்ணைத் தொடக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனால் விலகி நின்றால் ஏன் என்று கேட்பார்கள். மூன்று மாதம் ஆகாமல் சொல்லவும் கூடாது. ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற இன்னொன்றை மிதிக்க வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்று பெட்டியைத் தூக்கினேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதிக்கொண்டிருக்கும்போது போய்விட்டது. பின்னால் நாற்பது பெண்கள்.

அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. பிள்ளை பெற்றவளைப்போல மாதம் முழுக்கப் படுக்கவைத்து, நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிக் கோழி சமைத்துக் கொடுத்தார். "ஜின்யூன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. புதுசா போன இடம், அவ மனசு ஒடிஞ்சிடும்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அப்புறம் ஒருநாள் கிண்ணத்தை என் கையில் கொடுக்கும்போது, "மங்கலம் மோதிடுச்சுடி" என்றார். வெளியே மழை வந்துவிட்டது என்று சொல்கிற குரலில். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வருஷப்பிறப்புக்கு மறுநாள் நீ கணவரோடு விருந்துக்கு வந்தாய். "என்னடி இப்படி இளைச்சுட்டே, என் அண்ணன் சோறு போடறதில்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டாக்டர் சொன்னார், இது பலருக்கும் நடக்கிறது, யார்மேலும் தப்பில்லை, பெட்டி தூக்கியதாலும் இல்லை என்று. என் மாணவிகள் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நான் நம்பவில்லை ஜின்யூன். அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் நம்பவில்லை என்று காட்டிக்கொள்ள இன்னொரு பிள்ளையைப் பணயம் வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

வாசலில் நிற்கிறேன் என்றாயே. ஆமாம், நிற்கிறேன்.

பைஹே


செப்டம்பர் 8
தைனான்

ஜின்யூன்,

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டபிறகு உன்னுடையதை மறுபடி எடுத்தேன், கிழித்துப் போடத்தான். மோதிரம் கழலவில்லை என்கிற வரி கண்ணில் பட்டது. கோபத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்று என் டாக்டரிடம் கேட்டேன். கால் வீங்கினால் சாதாரணமாக இருக்கலாம்; கையும் முகமும் வீங்கி, தலையும் விடாமல் வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறியாக இருக்கலாம். முற்றினால் வலிப்பு வரும். கண்ணில் பொறி பறக்கிறதா? விலா எலும்புக்குக் கீழே வலிக்கிறதா? கடிதம் கையில் கிடைத்த உடனே நர்ஸிடம் போ. அழுத்தம் பார்க்கச் சொல், சிறுநீரும் பார்க்கச் சொல். மாமியார் என்ன சொன்னாலும் கடலையை அப்படியே போட்டுவிட்டுப் போ.

இதனால் நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே.

பைஹே


செப்டம்பர் 16
தீவு

பைஹே,

இரண்டு கடிதமும் ஒரே படகில் வந்தன. இரண்டாவதைத்தான் முதலில் பிரித்தேன், மெல்லிசாக இருந்ததால். அதனால் நர்ஸிடம் போனேன். முதலாவதைப் படித்திருந்தால் எங்கும் போயிருக்க மாட்டேன்.

நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். அவிழ்த்தாள். மறுகையில் பார்த்தாள்.

"அக்கா, வரும்போது ஓடி வந்தீங்களா?"

"இந்த வயித்தோட யாரும்மா ஓடுவா?"

மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். கண்ணில் பொறியும் பறக்கிறது பைஹே. படகிலிருந்து கொட்டுகிற மீன் செதில்கள்மாதிரி, ஓரத்தில் மின்னி மறைகிறது. வெயில் என்றே இருந்துவிட்டேன்.

மாமியார் வீட்டுக்கு வந்ததும் முக்காலியை உதைத்து ஓரமாகத் தள்ளினார். "காத்து கிளம்பினா உன்னைத் தூக்கிக்கிட்டு நான் நீந்த முடியாது. நாளைக்கே உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு" என்றார்.

"அங்க இடமில்லை அத்தை."

"பெத்தவ வீட்டுல இடமில்லையா? யாருகிட்ட கதை விடறே?"

"அண்ணி உண்டாயிருக்கா."

அவர் உதைத்த முக்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார். "அப்ப ஆகாது. ரெண்டு வயிறு ஆகாது" என்றார். பார்த்தாயா, கடலைத் தாண்டி வந்தாலும் அதே கதவுதான்.

மாகோங்கில் அவருக்குத் தெரிந்த மீன் வியாபாரி வீட்டு மாடியில் ஓர் அறை பேசியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். நாளைப் படகில் போகிறேன். மாமனார் படுக்கையில் இருப்பதால் மாமியாரால் கூட வர முடியாது. தனியாகத்தான். முகவரி கீழே.

இப்போது உன் முதல் கடிதம்.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் வேறு, இப்போது இருக்கிற கோபம் வேறு. என் கல்யாணப் படம் இங்கே சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் நீ என் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாய். தினமும் அதைப் பார்த்துத்தான் தலை வாருகிறேன். ஒன்றும் தெரியாத முட்டாளாக அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பத்து மாதமாக எல்லோரும் சேர்ந்து என்னை அப்படியே நிற்க வைத்திருக்கிறீர்கள். என் மனசு ஒடிந்துவிடுமாம். என் மனசு என்ன, பொரித்த அப்பளமா? சொல்லியிருந்தால் வந்திருப்பேன். அந்த மாதம் முழுக்க உன் கட்டிலின் கீழே படுத்திருப்பேன். சோறு போடவில்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வார்த்தையை என் வாயில் போட்டது நீதான், நீ பேசாமல் இருந்ததுதான். இதை மன்னிக்க எனக்கு நாளாகும்.

தைனானுக்கு வரமாட்டேன். இனி நீயே கூப்பிட்டாலும் வரமாட்டேன். நானும்தான் நம்பவில்லை. ஆனால் உன் வயிற்றுக்கு ஏதாவது ஆனால், நான் நம்பாமல் இருந்து என்ன பயன்?

ஜின்யூன்


செப்டம்பர் 21
தைனான்

முட்டாளே,

இந்தக் கடிதத்தை உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பமுடியாது. அவர் எதிரிலேயே படி. படித்து முடித்ததும் துணியை எடுத்துப் பையில் வை. முதலில் மாகோங் டாக்டரிடம் போய், கப்பலில் போகலாமா என்று கேட்டுக்கொள். அவர் சரி என்றால் அன்றைக்கே கப்பல், அப்புறம் காவோசியுங் துறைமுகத்தில் இறங்கி ரயில். கூடாது என்றால் அங்கேயே ஆஸ்பத்திரியில் படு. உன் அண்ணன் உன் காலடியில் உட்கார்ந்திருப்பார்.

உன் கடிதம் வந்த அன்று நான் அத்தையிடம் கத்தினேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவை.

"அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறுது அத்தை. வலிப்பு வந்தா தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மீன்காரன் மாடியில தனியா கிடக்கறா."

அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். "அவளப் பெத்தவ நான். எனக்கு வலிக்கலைன்னு நினைக்கிறியா? உன் வயித்துல இருக்கறதும் என் வீட்டுப் பிள்ளை. ஒண்ணு ஏற்கெனவே போச்சு. நான் எதை விட்டு எதைப் பிடிக்கட்டும், நீயே சொல்லு."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"எதையும் விட வேணாம். ஒரு கூரைக்கு ஒரு வயிறு, அவ்வளவுதானே உங்க சட்டம்?"

"என் சட்டம் இல்லடி அது."

"யார் சட்டமா இருந்தா என்ன. அவ வரட்டும். நான் போறேன்."

உன் அண்ணன் அப்போதுதான் பத்திரிகையிலிருந்து தலையை எடுத்தார். "எங்க போறே?"

"தோலியூ. எங்கம்மாகிட்ட."

"பள்ளிக்கூடம்?"

"லீவு போடறேன்."

"ஆனா பைஹே..."

"ஆனான்னு ஆரம்பிச்சீங்கன்னா மார்ச் வரைக்கும் அங்கேயே இருந்துடுவேன்."

எழுந்து கப்பல் நேரம் விசாரிக்கப் போனார். அத்தை கத்தியை எடுத்து மீதிக் காயை நறுக்கி முடித்தார். அப்புறம், "அப்ப பால்கெண்டைக்குச் சொல்லி வைக்கணும்" என்றார்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். நான் பெருந்தன்மையில் போகவில்லை, பயத்தில் போகிறேன். உன்னோடு இருக்கவும் பயம், உன்னை அங்கே விடவும் பயம். ஆகவே நன்றி என்று எழுதாதே. எழுதினால் கிழித்துப் போடுவேன். என் பிள்ளை போனதை உன்னிடம் சொல்லாதது தப்புத்தான். ஆனால் அதற்கு நீ என்னைத் திட்டுகிற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மின்விசிறிக்கு எண்ணெய் போட்டாயிற்று. உண்டானவள் இருக்கும்போது கட்டிலை நகர்த்தக் கூடாது என்று அத்தை பிடிவாதமாக இருக்கிறார். ஆனால் அது இப்போதே ஜன்னலோரம்தான் இருக்கிறது. ஒரு நாளும் நகர்த்தவில்லை.

நீ வந்து சேருமுன் நான் போய்விட்டிருப்பேன்.

பைஹே


அக்டோபர் 1
தைனான், ஆஸ்பத்திரி

பைஹே,

நன்றி எழுதவில்லை. நிம்மதியாகப் படி.

மாகோங் டாக்டர் ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்து, அழுத்தம் இறங்கியபிறகே கப்பல் ஏற விட்டார். இங்கே பெரிய ஆஸ்பத்திரி. அடிக்கடி அழுத்தம் பார்க்கிறார்கள், சிறுநீர் பார்க்கிறார்கள். மாத்திரையில் அடங்கியிருக்கிறது. பிள்ளை கொஞ்சம் சிறிசாம், ஆனால் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். வாரக் கடைசியில் வீட்டுக்கு விடுவார்கள், கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது. மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். விரலில் இன்னும் பள்ளம் இருக்கிறது.

நீ போய்விட்டிருப்பாய் என்று எழுதினாய். பொய். நான் தைனானில் இறங்கியபோது அதே ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறியது யார்? பச்சைக் குடை. மழை இல்லை, வெயிலும் இல்லை. நடைமேடையில் எல்லோரும் கூரைக்குக் கீழே நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் கூரை முடிகிற இடத்தைத் தாண்டி, திறந்த வெளியில், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, வேண்டுமென்றே பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு கையாவது ஆட்டியிருக்கலாம். கை ஆட்டினால் எந்த மங்கலம் எதில் போய் மோதும்? நான் வாயைத் திறப்பதற்குள் ரயில் எடுத்துவிட்டது. நடைமேடையில் நின்று அழுதேன். அழுதால் அழுத்தம் ஏறும் என்று அண்ணன் பயந்துபோய் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். எல்லாம் உன்னால்.

ஜின்யூன்


அக்டோபர் 9
தோலியூ

ஜின்யூன்,

கை ஆட்டவில்லை, உண்மைதான். உன்னைத் திட்டத்தான் வந்தேன். கத்திவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீ இறங்கினாய். குவோலியாங்கின் செருப்பு, அதிலும் குதிகால் வெளியே பிதுங்கிக்கொண்டு. முகம் உன் முகமாகவே இல்லை. நீதான் என்று அந்தச் செருப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கை எழவில்லை.

எங்கம்மா என்னை நடக்கவிடுவதில்லை, குனியவிடுவதில்லை. உன் மாமியாரையும் எங்கம்மாவையும் கலந்து பாதியாகப் பிரித்தால் இரண்டு நல்ல மனுஷிகள் கிடைப்பார்கள். என் பிள்ளை அசைய ஆரம்பித்துவிட்டது.

இடப்பக்கம்தானே படுக்கிறாய்? அதை எழுது. மற்றது எதுவும் வேண்டாம்.

பைஹே


நவம்பர் 14
தைனான்

அடி பைஹே,

இடப்பக்கம்தான் படுத்தேன். ஜன்னலைப் பார்த்து. உன் தலைமுடியின் எண்ணெய்க் கறை சுவரில் இருக்கிற பக்கம்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி அழுத்தம் ஏறியது. காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே எடுத்துவிட்டார். பெண். சிறிசுதான், ஆனால் கண்ணாடிப் பெட்டியில் மூன்று நாள் இருந்துவிட்டு அழுத அழுகையில் நர்ஸுகளே வெளியே அனுப்பிவிட்டார்கள். தீவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மறுபடி என் கையில் பட்டையைச் சுற்றினார். தீவுக்கு இப்போது ஒரு வாரமாகப் படகு இல்லை. மாமியார் கடைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஊரே கேட்கும்படி, "பொண்ணா இருந்தா என்ன, மூச்சு இருக்கில்ல" என்று கத்தினார்.

இப்போது நான் மாதக் காவலில் இருக்கிறேன். தலைக்குக் குளிக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது, மூன்று வேளையும் கோழி. நாறுகிறேன். பிள்ளை பெற்று மாதம் ஆகாதவள் இருக்கிற அறைக்குள் உண்டானவள் வரக் கூடாதாம், ஆகவே நீ இப்போதும் வர முடியாது. மாதம் முடிந்ததும் நான் மாகோங்குக்குக் கிளம்புகிறேன். குவோலியாங் விடுப்பில் அங்கே வந்து எங்களை அழைத்துப் போவார். நான் போனபிறகு நீ வருவாய். கணக்குப் பார்த்தால் மார்ச் வரை நாம் ஒரே கூரையின் கீழ் நிற்க முடியாது. யாரோ ரொம்ப யோசித்து இதையெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள்.

நீ பேசாமல் இருந்ததை இன்னும் மன்னிக்கவில்லை. நேற்று அம்மா கோழிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தபோது, போன வருஷம் இதே கட்டிலில், இதே கிண்ணத்தில், கையில் பிள்ளை இல்லாமல் நீ இதைக் குடித்திருக்கிறாய் என்று தோன்றியது. குடிக்க முடியவில்லை. அம்மா நின்றுகொண்டே இருந்தார். "நீயும் குடிக்கலைன்னா நான் எங்கடி போவேன்" என்றார். குடித்தேன்.

பிப்ரவரிவரை பெட்டி எதையும் தூக்காதே. தலை வலித்தால் வெயில் என்று நினைக்காதே, ஓடு. மோதிரத்தை இப்போதே கழற்றி வை.

உன் வயிறு காலியாகி, உன் மாதமும் முடிந்த அடுத்த நாள் முதல் படகில் வருகிறேன். இவளையும் தூக்கிக்கொண்டு. வாசலிலேயே நில். நகராதே. நேரில் திட்டவேண்டியது நிறைய இருக்கிறது.

ஜின்யூன்